நெல் ஏற்றும் லொறிக்கு அறுவடைக் காலத்தில் பாரச் சலுகை ஏதும் உண்டா?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் அறுவடை நேரம் விளைச்சல் ஏற்றும் லொறிக்குக் கொஞ்சம் கூடுதல் பாரம் விடுகிறார்களே, மட்டக்களப்பிலும் அப்படி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகக் கன்டர் லொறி எடுத்து இந்தப் பெரும்போகத்துக்கு இறங்கப் போகிறீர்கள் போல. பாரம் கூடிப்போனதற்கு எனக்குத் தண்டம் எழுதிய நேரம் இது மாசி மாதம், அறுவடைக் காலம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை தம்பி. வண்டிப் புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கணக்கு, ஓட்டுகிற ஆளும் அதற்குள்தான்.

ஆனால் வயலில் யார் கிலோவில் பேசுகிறார்கள்? என் வண்டிக்கு 4,000 கிலோ. வெல்லாவெளிப் பக்கம் ஒரு போடியார், அதாவது வயல் சொந்தக்காரர், "60 மூட்டைதான், மூட்டை 65 கிலோ" என்றார். 3,900, சரி என்று ஏற்றினேன். முதல் நாள் இரவு மழை. வெட்டு மிசினில் இருந்து இறங்கிய நெல்லைக் காயவிடாமல், வாய் தைக்க இடமில்லாத அளவுக்கு அமுக்கி நிரப்பியிருந்தார்கள், சாக்கைத் தொட்டால் கை நனைந்தது. அதைப் பார்த்தும் ஏற்றியது என் பிழைதான், மறுக்கவில்லை. பட்டிருப்புப் பாலத்துக்கு முன்னமே பின்பக்க ஸ்பிரிங் பிளேட் முறிந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நடுப்பாதையில் நின்றுவிட்டது. பொலிஸ் வந்தது. பிறகு மில் தராசில் ஏற்றிப் பார்த்தால் நெல் மட்டும் 4,740 கிலோ, அதாவது மூட்டைக்கு 79! "நெல் என்னுடையது, வண்டி உன்னுடையது" என்று போடியார் ஒதுங்கிக்கொண்டார்.

அதே மில்லில் அன்றைக்கே ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு 2 கிலோ கழித்தார்கள். காய்ந்த நெல் கொண்டுபோனாலும் அந்த 2 கிலோ போகும், அது வேறு கதை, அதைக் கேட்க ஆளில்லை.

உடனே யாராவது வந்து "அப்ப பாரம் ஏற்றுவதில் டிப்பர்காரன் மட்டும் யோக்கியனா" என்று கேட்பீர்கள். என் மச்சானே மணல் டிப்பர்தான் ஓட்டுகிறான், அதனால் பகையில் சொல்லவில்லை. ஒரு கியூப் என்பது 100 கன அடி, காய்ந்த மணலே நாலரைத் தொன் வரும், ஆற்றில் இருந்து சொட்டச் சொட்ட ஏற்றினால் 5 தொன்னைத் தாண்டும். 2019 டிசம்பரில் மணல் ஏற்றும் அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்று விட்டார்களே, அந்த நாட்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அச்சில் பாரம் இரட்டித்தால் பாதைக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய 16 மடங்கு.

இப்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு தொங்கு தராசு வைத்திருக்கிறேன். வயல் வாடியில் (குடிலில்) மூன்று மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஏற்றலாம் என்று சொல்வேன். போடியார்மார் சிரிப்பார்கள், சிலர் வேறு வண்டிக்குப் போன் போடுவார்கள். போடட்டும்.