கூட்டுக்குக் கிட்டே போகலாமா?

கேள்வி: வேலிப் புதரில் ஒரு சிறு பறவை குஞ்சு பொரித்திருக்கிறது. மனித வாடை பட்டால் தாய் குஞ்சுகளைக் கைவிட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வாடைக்கு அஞ்சிப் பறவைகள் குஞ்சுகளைக் கைவிடுவதில்லை. நமது நடமாட்டம்தான் ஆபத்து. முட்டையிடும் நாட்களில் அடிக்கடி எட்டிப் பார்த்தால் கூட்டையே விட்டுப் போய்விடக்கூடும். விலக்கிய கிளையும் மிதித்த புல்லும் காக்கைக்கும் பூனைக்கும் வழி காட்டிவிடும். ஆகவே தள்ளி உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள்.

பார்க்க எவ்வளவோ இருக்கிறது! தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும்தான் தேடிக் கொண்டுவருகிறது. வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும் அல்லவா? இரை வாங்கியதும் குஞ்சு திரும்பி வாலைத் தூக்கும். வெண்ணிற உறையில் பொதிந்த எச்சம் வெளிவரும். தாயோ தந்தையோ அதை அலகில் கவ்வித் தூரத்தில் போட்டுவிடும். இந்தத் துப்புரவு எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை.

பல சிறு பறவைகளுக்கு அடைகாப்பு ஏறக்குறைய 2 வாரம். குஞ்சுகள் கூட்டில் இருப்பதும் அதே அளவுதான். கடைசி நாட்களில் இன்னும் விலகியே இருங்கள். மிரண்டால் பறக்கும் வலு வருமுன்பே குதித்துவிடும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் திரிந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சு விழுந்திருந்தால் மட்டும், மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள்.