கேளுங்கள், சொல்கிறோம்: கணினி முதுநிலைப் படிப்பு

கே: முதுநிலையில் கணினி அறிவியல் எடுப்பதா, தகவல் முறைமை எடுப்பதா? இரண்டுக்கும் வேலை ஒன்றுதான் என்கிறார்களே?

ப: வேலை அறிவிப்புகளில் அப்படித் தெரியலாம், வகுப்பில் தெரியாது. டேட்டாபேஸையே பாருங்கள். ஒரே வரிசையை இரண்டு ட்ரான்ஸாக்‌ஷன்கள் ஒரே நேரத்தில் திருத்த வந்தால் எதற்குப் பூட்டு கிடைக்கும், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுவிடும் டெட்லாக் விழுந்தால் எதைக் கைவிடுவது என்பது கணினி அறிவியல். ஒரே வாடிக்கையாளரின் முகவரி மூன்று துறைகளில் மூன்று விதமாக ஏன் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, புது மென்பொருள் வந்த பிறகும் ஊழியர்கள் ஏன் எக்செல்லை விட மறுக்கிறார்கள் என்பது தகவல் முறைமை. பட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம். கட்டாயப் பாடங்களின் பட்டியலைப் பாருங்கள். அல்காரிதமும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதில் இல்லையென்றால், பெயர் எதுவானாலும் அது கணினி அறிவியல் படிப்பாகாது.

கே: வேறு துறையில் இளநிலை முடித்தேன். சேருவதற்கு முன் எதைத் தயார் செய்வது?

ப: டிஸ்கிரீட் கணிதம் (தர்க்கம், கணங்கள், கிராஃப் போன்றவை), நிகழ்தகவு, ஒரே ஒரு ப்ரோகிராமிங் மொழி. நான்கு மொழிகளை மேலோட்டமாகத் தொட்டவர்கள்தான் முதல் செமஸ்டரில் திணறுகிறார்கள். டேட்டாவை அடுக்கிவைக்கும் முறைகளான ஹாஷ் டேபிளையும் ஹீப்பையும் லைப்ரரி (தயார் நிலையில் உள்ள கோட்) உதவியின்றி எழுதிப் பாருங்கள். n உருப்படிகள் உள்ள பட்டியலை வரிசைப்படுத்தும் மெர்ஜ் சார்ட்டுக்கு ஏன் n log n நேரம் ஆகிறது? பட்டியலைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போனால் log n அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் n அளவு வேலை. இதைப் புத்தகம் பார்க்காமல் விளக்க முடிந்தால் தைரியமாகச் சேரலாம்.

கே: ஆய்வேட்டுக்காக மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் மாடல் செய்தேன். 99% துல்லியம் வருகிறது. கைடு நம்ப மறுக்கிறார்.

ப: கைடு பக்கம்தான் நியாயம். 10,000 பரிவர்த்தனைகளில் 100 மோசடி என்றால், எல்லாவற்றுக்கும் ‘மோசடி இல்லை’ என்று சொல்லும் மாடலுக்கே 99% வந்துவிடும். துல்லியத்தை விடுங்கள், மோசடி வகைக்கு மட்டும் ப்ரிசிஷனும் (மோசடி என்று சொன்னதில் எத்தனை உண்மை) ரீகாலும் (உண்மை மோசடியில் எத்தனை பிடிபட்டது) எவ்வளவு என்று பாருங்கள்.

அவையும் மிக அதிகமாக இருந்தால்தான் உண்மையான கவலை. மாடலைச் சோதிக்க ஒதுக்கிய டெஸ்ட் டேட்டா, மாடல் கற்கும் ட்ரெயினிங்குக்குள் எங்கோ கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான இடம், ஸ்கேலிங், அதாவது எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. முழு டேட்டாவுக்கும் சராசரி கணக்கிட்டுவிட்டுப் பிறகு பிரித்தால், டெஸ்ட் பகுதியின் தகவல் அந்தச் சராசரிக்குள்ளேயே வந்துவிடுகிறது. விடுபட்ட மதிப்புகளை நிரப்புவதும் அப்படியே. குறைவாக உள்ள மோசடிப் பதிவுகளைப் பெருக்கிவிட்டுப் பிரிப்பது இன்னும் மோசம்: ஒரே பதிவின் நகல் இரண்டு பக்கமும் உட்காரும். எனவே முதலில் பிரியுங்கள். சராசரி போன்றவற்றைக் கணக்கிடுவதும் பதிவுகளைப் பெருக்குவதும் ட்ரெயினிங் பகுதியில் மட்டும். பிரிப்பதும் தேதிப்படி இருக்கட்டும், பழையது ட்ரெயினிங்குக்கு, புதியது டெஸ்ட்டுக்கு. குலுக்கிப் பிரித்தால் மாடல் நாளைய டேட்டாவைப் படித்துவிட்டு நேற்றையதைக் கணிக்கும்.

இதற்குப் பிறகும் எண் இறங்கவில்லையா? டேட்டாவின் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாகக் கொடுத்து மாடலை ஓட்டுங்கள். ஒரே நெடுவரிசை மட்டும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கினால், அது எப்போது நிரப்பப்படுகிறது என்று விசாரியுங்கள். ‘பணம் திருப்பிய தேதி’ போன்ற நெடுவரிசை மோசடி நிரூபணமான பிறகுதான் நிரம்பும்; கணிக்க வேண்டிய நேரத்தில் அது காலியாகவே இருக்கும். தூக்கி எறியுங்கள். கடைசியில் ஐந்து வெவ்வேறு சீடுகளில் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) ஓட்டி, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொடுங்கள். பக்கத்திலேயே லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய மாடலின் முடிவும் இருக்கட்டும். உங்கள் மாடல் அதைத் தாண்டவில்லை என்றால் தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

கே: தகவல் முறைமை ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். கேள்விகளை நானே எழுதலாமா?

ப: ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல் இருக்கும்போது வேண்டாம். ஒரு மென்பொருள் பயன் தருகிறதா, எளிதாக இருக்கிறதா என்று அளக்க ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. மென்பொருளின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வேறு மொழியில் கேட்பதானால், மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். சொந்தக் கேள்வி தவிர்க்க முடியாது என்றால் ‘எளிதாகவும் வேகமாகவும் இருக்கிறதா’ என்று இரண்டை ஒன்றாகக் கேட்காதீர்கள். எளிது ஆனால் மெதுவாக இருக்கிறது என்பவர் எதை டிக் செய்வார்? கேள்விகளின் ஒத்திசைவை அளக்கும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்குக் கீழே போனால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று சந்தேகப்படுங்கள். 0.95-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம், ஒரே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீர்கள்.