ஜாம் போத்தல் விளக்கு என்றால் என்ன?

1990இல் இலங்கையில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது வீடுகளில் எரிந்ததுதான் இது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், நூல் மாதிரி மெல்லிய திரி. அவ்வளவுதான்.

ஏன் போத்தல்? கண்ணாடி காற்றைத் தடுக்கும். மெல்லிய திரி எண்ணெயைக் கொஞ்சமாகவே குடிக்கும். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்ட மாதிரி. அந்தப் பொட்டு வெளிச்சத்தில்தான் அம்மா சமைத்தார், பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். செய்தி கேட்க சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியை ஓட்டினார்கள்.

தடை ஆயுதங்களுக்கும் எரிபொருளுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சவர்க்காரம், மெழுகுதிரி, பேட்டரிகூட அதில் அடங்கின.