சிலிக்கா ஜெல்லின் துளை அளவு எந்தக் கட்டத்தில் முடிவாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்விகளில் பெரும்பாலானவை ஜெல் உறையும் கட்டத்தைப் பற்றியே வந்திருக்கின்றன. உண்மையில், உறைந்த பிறகு நடக்கும் கழுவல், முதிர்வு (ஈர ஜெல்லை வைத்திருந்து துகள்களைப் பருக்கவிடுவது), உலர்த்தல் ஆகிய மூன்றும்தான் துளையின் அளவை அதிகம் மாற்றுகின்றன. பதில்களைப் படிக்கும் முன் ஒரு சிறு கணக்கு. சிலிக்கா ஜெல் என்பது சில நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோத்த வலை. கோலிக்குண்டுகளைக் குவித்தால் நடுவில் இடைவெளி மிஞ்சுவதுபோல, துகள்களுக்கு இடையே மிஞ்சுவதே துளை. துகள் பருத்தால் பரப்பு குறையும், இடைவெளி அகலும்.

சராசரித் துளை விட்டம் = 4 × துளைக் கனஅளவு ÷ பரப்பு. கிராமுக்கு 0.40 மி.லி. கனஅளவும் 750 சதுர மீட்டர் பரப்பும் இருந்தால் விட்டம் ஏறக்குறைய 2.1 நானோமீட்டர். அதுவே 0.90 மி.லி., 350 சதுர மீட்டர் என்றால் 10.3 நானோமீட்டர். முன்னது ஈரம் உறிஞ்சும் பைகளில் இருக்கும் நுண்துளை ரகம், பின்னது அகலத்துளை ரகம்.

கேள்வி: ஒரே சோடியம் சிலிகேட் (அமிலம் சேர்த்தால் ஜெல்லாக உறையும் மூலக் கரைசல்), ஒரே அமிலம், ஒரே அளவுகள். ஆனால் ஒரு தொகுதியில் பரப்பு 700-ஐத் தாண்டுகிறது, அடுத்ததில் 450-தான் வருகிறது. ஏன்?

முதலில் கழுவும் நீரைச் சோதியுங்கள். உறைந்த ஜெல்லில் எவ்வளவு உப்பு தங்கியிருக்கிறது என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 28.5 சதவீதம் சிலிக்காவும் 8.9 சதவீதம் சோடியம் ஆக்சைடும் உள்ள சிலிகேட் கரைசல் 100 கிராம் எடுத்தால், அதை நடுநிலையாக்க 14 கிராம் கந்தக அமிலம் வேண்டும். கிடைக்கும் 28.5 கிராம் சிலிக்காவோடு 20 கிராம் சோடியம் சல்பேட்டும் சேர்ந்தே உறைகிறது. அதை வெளியேற்றப் பல முறை நீர் மாற்ற வேண்டும். ஜெல் நீரோடு பழகும் நேரம் தயாரிப்பிலேயே மிக நீண்டது இந்தக் கட்டத்தில்தான்.

குழாய் நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், ஜெல்லுக்குள் இருக்கும் அமிலத்தைத் தீர்த்துவிட்டுப் பி.எச். மதிப்பை 7, 8 என்று ஏற்றும். அந்த நிலையில் சிறு துகள்கள் மெல்லக் கரைந்து, துகள்கள் ஒட்டும் கழுத்துப் பகுதியிலும் பெரிய துகள்களின் மேலும் படியும். நீர் சூடாக இருந்தால் இது பல மடங்கு வேகமாகும். மாலையில் நிறுத்திய கழுவலை மறுநாள் காலையில் தொடர்ந்தால், அந்த இரவில் நீங்கள் உத்தேசிக்காத முதிர்வு நடந்துவிடும்.

நுண்துளை ரகம் வேண்டுமென்றால், கனிமம் நீக்கிய நீரில் சிறிது கந்தக அமிலம் சேர்த்துப் பி.எச். 3 அளவில் வைத்து, சூடாக்காமல் கழுவுங்கள். அமில நீரில் சோடியமும் நன்றாக வெளியேறும். ஒவ்வொரு தொகுதியிலும் கழுவும் நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். கழுவலுக்கு எந்த அமிலம் போட்டாலும், கடைசி இரண்டு மூன்று முறை வெறும் கனிமம் நீக்கிய நீரில் முடியுங்கள். கழுவிய நீரில் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரண்டு துளி பேரியம் குளோரைடும் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் சல்பேட் இன்னும் இருக்கிறது. அமிலத் துளியை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் பேரியம் கார்பனேட் கலங்கி ஏமாற்றும். பேரியம் உப்புகள் நச்சு. கையுறை அணியுங்கள், கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: அமிலத்தைச் சிலிகேட்டில் ஊற்ற வேண்டுமா, சிலிகேட்டை அமிலத்தில் ஊற்ற வேண்டுமா?

சிலிகேட்டை அமிலத்தில். வேகமாகக் கலக்கிக்கொண்டே, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் கலவை காரத்திலிருந்து இறங்கி வரும். வழியில் மிக வேகமாக உறையும் பி.எச். பகுதியைக் கடக்கும்போதே ஆங்காங்கே வெள்ளைக் கட்டிகள் விழும். அவை பிறகு கரையாது. அந்தத் தொகுதியின் துளைப் பரவலும் அகலமாகிவிடும்.

பி.எச். 2 அருகில் துகள்களின் மின்சுமை ஏறக்குறைய சுழி, வினையும் மந்தம். எனவே கூழ்மம் (துகள்கள் மிதக்கும், இன்னும் உறையாத கலவை) மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் திரவமாகவே நிற்கும். 5, 6 என்று உயர்த்தினால் நிமிடங்களில் உறையும். அளவுக்கு ஓர் உதாரணம்: மேற்சொன்ன சிலிகேட் 100 கிராமை 100 கிராம் நீரில் கலந்து, 10 சதவீதக் கந்தக அமிலம் 150 கிராமில் ஊற்றினால், 8 சதவீதச் சிலிக்காவுள்ள கூழ்மம் பி.எச். 2-ஐ ஒட்டிக் கிடைக்கும். பிறகு நீர்த்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு உயர்த்தலாம். ஊற்றும்போது வெப்பம் வெளிப்படும், வெப்பம் உறைதலை விரைவாக்கும். பாத்திரத்தைப் பனிநீரில் வைத்துச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே முடிவு கிடைக்கும்.

கேள்வி: 8 முதல் 10 நானோமீட்டர் துளை வேண்டும். உறையும் பி.எச். மதிப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது, முதிர்வு தேவை. கழுவி முடித்த ஜெல்லை நீர்த்த அமோனியாவில் அமிழ்த்தி, பி.எச். 9-இல் 80 முதல் 90° செல்சியஸில் சில மணி நேரம் வையுங்கள். உருவமற்ற சிலிக்கா 25 டிகிரியில் லிட்டருக்கு 100–120 மில்லிகிராம்தான் கரையும். சூட்டிலும் காரத்திலும் அது நன்றாக ஏறுகிறது. கரைந்து மீண்டும் படிவதால் 3.6 நானோமீட்டர் துகள் 8 வரை பருக்கிறது, பரப்பு 750-இலிருந்து 350-க்கு இறங்குகிறது. (துகள் விட்டத்தை 2,727 ÷ பரப்பு என்று கணக்கிடலாம், சிலிக்காவின் அடர்த்தி 2.2 என்பதிலிருந்து வருவது.)

பரப்பு குறையும்போது துளைக் கனஅளவு கூடுவது பலருக்கு வியப்பாக இருக்கிறது. கழுத்துகள் தடித்த வலை உலரும்போது நசுங்காமல் நிற்பதே காரணம். புதிதாக இடம் எதுவும் உண்டாகவில்லை, இருந்த இடம் காப்பாற்றப்படுகிறது.

தவறும் இடங்கள் மூன்று. மூடி இல்லாத பாத்திரத்தில் அமோனியா பறந்துவிடும், பி.எச். இறங்கி முதிர்வு பாதியில் நின்றுவிடும். இறுக மூடக்கூடிய பாலிபுரொப்பிலீன் பாட்டில் நல்லது, ஆனால் முழுக்க நிரப்பாமல், ஆறிய பிறகே திறக்க வேண்டும். பி.எச். 10.5-ஐத் தாண்டினால் ஜெல்லே கரையத் தொடங்கும். மூன்றாவது, அவசரம்: பரப்பு முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. முதல் மணியில் ஒரு மாதிரி, மூன்றாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று எடுத்து அளந்தால் உங்கள் ஜெல்லுக்கான வளைகோடு கிடைத்துவிடும். அதன்பின் வேண்டிய துளைக்கு வேண்டிய நேரத்தை அதிலேயே படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அடுப்பில் வேகமாக உலர்த்தினால் துளை கெடுமா?

துண்டுகள் வெடிக்கும், ஆனால் துளையை நசுக்குவது நீரின் பரப்பு இழுவிசை. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். 2 நானோமீட்டர் ஆரத் துளையில் அது 72 மெகாபாஸ்கல் அழுத்தமாகிறது, அதாவது 700 வளிமண்டலத்துக்கும் மேல். முதிராத 8 சதவீத ஜெல் உலரும்போது பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்குவது இதனால்தான். ஜெல்லில் உள்ள நீருக்குப் பதிலாக எத்தனாலை (0.022) ஏற்றினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வரும். மூன்று நான்கு முறை புது எத்தனாலில் ஊற வையுங்கள். ஊறும் நேரம் துண்டின் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: 5 மில்லிமீட்டர் துண்டுக்கு ஆன நேரத்தைப்போல 10 மில்லிமீட்டர் துண்டுக்கு நான்கு மடங்கு ஆகும். எத்தனால் ஊறிய ஜெல்லைத் தீப்பொறி வரக்கூடிய சாதாரண அடுப்பில் ஏற்றாதீர்கள்.

திரவ–வாயு எல்லையே இல்லாமல் உலர்த்தினால் சுருக்கம் மிகக் குறைவு. ஜெல்லில் உள்ள திரவத்துக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, அதை 31.1 டிகிரி, 73.8 பார் என்ற நிலைக்கு மேலே கொண்டுபோய் வெளியேற்றுவது அதற்கான வழி. ஏரோஜெல் (பெரும்பகுதி காற்றே நிறைந்த மிக லேசான ஜெல்) இப்படித்தான் கிடைக்கிறது.

கேள்வி: சோடியம் சிலிகேட்டுக்குப் பதிலாக டெட்ராஎத்தாக்சிசிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தை அமிலத்தில் உறைய வைத்தேன். கண்ணாடித் துண்டுபோல் வந்தது, துளையே இல்லாத மாதிரி இருக்கிறது.

துளை இருக்கிறது, ஆனால் 2 நானோமீட்டருக்கும் கீழே. அமிலத்தில் நீராற்பகுப்பு (நீரோடு வினைபுரிந்து மூலக்கூறு பிரிவது) வேகம், பிரிந்தவை ஒன்றோடொன்று இணைவது மெதுவு. கிளை குறைந்த சங்கிலிகள் உருவாகி, உலரும்போது நெருங்கிப் படிகின்றன. இரண்டு படியாகச் செய்யுங்கள்: 10 மி.லி. டெட்ராஎத்தாக்சிசிலேன், 10 மி.லி. எத்தனால், 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3.2 மி.லி. (ஒரு சிலிக்கானுக்கு நான்கு நீர்). மூடிய பாட்டிலில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, ஆறிய பிறகு நீர்த்த அமோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்து உறைய வையுங்கள்.

கேள்வி: துளைகளில் நைட்ரஜனை நிரப்பி, வெளியேற்றித் துளை அளவைக் கணிக்கும் அளவீட்டில் எந்த மாதிரிக்கும் 3.8 நானோமீட்டரில் கூர்மையான உச்சம் வருகிறது. ஜெல் அவ்வளவு சீரானதா?

அந்த உச்சத்தை நம்பாதீர்கள். குறுகிய வாய் வழியே அடைபட்ட திரவ நைட்ரஜன், ஒப்பழுத்தம் (நிறைவு ஆவி அழுத்தத்தோடு ஒப்பிட்ட அழுத்தம்) 0.42 அருகில் தானாகவே குமிழிட்டு வெளியேறுகிறது. நைட்ரஜன் வெளியேறும்போது கிடைக்கும் வளைகோட்டை (வெளியேறும் கிளை) வைத்துக் கணக்கிட்டால் எல்லா மாதிரிகளிலும் அதே இடத்தில் பொய் உச்சம் தோன்றும். நைட்ரஜன் நிரம்பும்போது கிடைக்கும் ஏறும் கிளையைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். உச்சம் அங்கேயும் நின்றால் துளை உண்மை, மறைந்தால் அது வெளியேற்றத்தின் விளைவு.

கேள்வி: நீரில் போட்டதும் மணிகள் வெடிக்கின்றன. தவறான தயாரிப்பா?

நுண்துளை ரகத்தின் இயல்பு அது. நீர் உறிஞ்சும்போது எழும் வெப்பமும் உள்ளே அகப்படும் காற்றும் சேர்ந்து பிளக்கின்றன. முதலில் ஈரக்காற்றில் பல மணி நேரம் வைத்து நிறையவிட்டு, பிறகு நீரில் விட்டால் தப்பும். அடிக்கடி நீர் படும் இடமென்றால் அகலத்துளை ரகத்துக்கு மாறிவிடுவதே நல்லது.