திருகோணமலையில் இருந்துகொண்டு குடும்பமாகக் கார்ட் பந்தயத்தில் பங்கேற்க முடியுமா?

ஒன்பது வயது மகன் கார்ட் எனப்படும், கூரையில்லாத சிறிய பந்தய வண்டியை ஓட்ட ஆசைப்படுகிறான் என்றும், திருகோணமலையில் வசிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் கழக மட்டப் பந்தயங்களில் பங்கேற்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். நாங்கள் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் இருந்துகொண்டே 2021 இன் இறுதியிலிருந்து பங்கேற்று வருகிறோம். மகள் ஓட்டுகிறாள்; அவளைவிட நான்கு வயது மூத்த மகன் எஞ்சினையும் சங்கிலியையும் பார்த்துக்கொள்கிறான்; மனைவி குறிப்பேடு எழுதுகிறார்; வான் ஓட்டுவதும் சாமான்களை ஏற்றி இறக்குவதும் என் பொறுப்பு. இந்த வேலைப் பிரிப்புக்கு வந்துசேர எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. முதல் நாளிலேயே அதைச் செய்திருந்தால் மகள் பல தடவை அழுதிருக்க மாட்டாள் என்பதால், செலவையும் தூரத்தையும் விட அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கார்ட் தடம் இல்லை. நாங்கள் போவது களுத்துறை மாவட்டத்தின் பண்டாரகமவில் உள்ள தடத்துக்கு; வீட்டிலிருந்து 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கந்தளாய், ஹபரண, தம்புள்ள, குருநாகல் என்று ஏ6 வீதியால் இறங்கி, கடவத்தையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் கெலனிகமவில் இறங்கிவிடலாம். சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே புறப்பட்டுவிடுவோம், ஏனெனில் கந்தளாய்க்கும் ஹபரணவுக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில் இருட்டிய பின் யானைகள் வீதிக்கு வரும்; பிள்ளைகளும் பாரமும் ஏற்றிய வானோடு அந்த இடத்தை இரவில் கடக்க நான் விரும்புவதில்லை. 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, பங்கீட்டு அட்டையில் வாரத்துக்கு வானுக்குக் கிடைத்த அளவு போய்வரப் போதாது என்பதால் பல மாதங்கள் வீட்டிலேயே இருந்தோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம், அதற்கு மேல் எங்களால் இயலாது, பிள்ளைகளின் படிப்புக்கும் அதுவே சரி.

நாங்கள் வாங்கிய முதல் கார்ட் பழையது. நான்கு அடிப்பு எஞ்சின் பூட்டியது. பளபளவென்று வர்ணம் பூசியிருந்ததால் ஏமாந்துவிட்டோம். கார்ட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்திருந்தால், தரையில் உரசித் தேய்ந்த குழாயின் ஒட்டுமூட்டில் இருந்த வெடிப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும். எங்கள் ஊர்க் கராஜ் பாஸ் ஒருவர் அதை ஒட்டித் தந்தார். ஆயினும் ஒட்டிய இடம் மற்றப் பக்கத்தைப் போல வளைந்து கொடுக்காததால், வலப்பக்க வளைவில் ஒரு விதமாகவும் இடப்பக்க வளைவில் வேறு விதமாகவும் வண்டி திரும்பியது. கார்ட்டில் சுருள்வில் கிடையாது, அதிர்வு தாங்கி கிடையாது. சட்டகம் நெளிந்து கொடுப்பதுதான் அந்த வேலையைச் செய்கிறது. எனவே பழைய கார்ட் வாங்கும்போது எஞ்சினை விடச் சட்டகத்தையே உன்னிப்பாகப் பாருங்கள். பழுதான எஞ்சினுக்குப் பாகம் மாற்றலாம், வெடித்த சட்டகத்தை நம்பிப் பிள்ளையை ஏற்ற முடியாது.

எங்களுக்கு வேறொரு பகை கடற்காற்று. உப்புவெளியில் மூடி வைத்த இரும்பும் துரு பிடிக்கும். ஓடி முடித்து வந்த இரவே மகன் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் பூசி, பின் அச்சையும் பிரேக் தட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். ஒரு முறை களைப்பில் விட்டுவிட்டான்; மூன்றாம் நாள் சங்கிலியின் கண்ணிகள் செம்மண் நிறத்தில் இறுகிப்போயிருந்தன.

இனி வேலைப் பிரிப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் நானே செய்தேன். ரயருக்குக் காற்றுப் பிடிப்பதும், பல்சக்கரம் மாற்றுவதும், வேலியோரம் நின்று நேரம் எடுப்பதும், மகளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். மனைவியும் மகனும் நிழலில் பாய் விரித்துச் சும்மா இருந்தார்கள். மகள் பந்தயம் முடித்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, “இரண்டாவது வளைவிலே ஏன் பிந்திப் பிரேக் பிடிச்சனீ?” என்று தொடங்கிவிடுவேன். அன்பினால்தான் கேட்டேன், அவள் முன்னேற வேண்டும் என்றுதான் கேட்டேன். ஒரு நாள் அவள் வண்டியை நிறுத்தி இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமலும் முகக்கண்ணாடியை உயர்த்தாமலும் பத்து நிமிடம் ரயர் அடுக்கில் உட்கார்ந்திருந்தாள். என் பேச்சு காதில் விழாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று மனைவிதான் கண்டுகொண்டார். பின்னர் மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அப்பா, எனக்குத் தெரியும். நான் அதிலதானே இருந்தனான்.”

அன்றிரவு மனைவி ஒரு விதி போட்டார். மகள் தண்ணீர் குடித்து முடித்து, தானாக ஏதேனும் கேட்கும்வரை நான் பந்தயத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஓட்டம் பற்றிய அறிவுரையை, முன்னர் பந்தயம் ஓட்டிய ஒருவர் சொல்லட்டும் என்றும் முடிவு செய்தோம். அவர் சிங்களவர், பிள்ளைகள் அவரை அங்கிள் என்பார்கள், மகளிடம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு விடயம்தான் சொல்வார். நான் பத்து விடயம் சொல்லி நடக்காதது, அவர் ஒன்றைச் சொல்லி நடந்தது.

அந்த ஒரு விடயம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால் குடும்பம் எப்படிப் பயன்படுகிறது என்பது உங்களுக்கு விளங்கும். நேர்ப்பாதை முடிந்து வரும் இறுக்கமான வளைவில் மகளின் வண்டி மற்றவர்களைவிடப் பிந்தியது. நான் எஞ்சினைச் சந்தேகித்தேன். மகன் வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, வளைவின் நடுவில் மட்டும் எஞ்சின் சத்தம் தொண்டை அடைத்தது போல இறங்குகிறது, மற்றக் கார்ட்டுகளுக்கு அப்படி இறங்கவில்லை என்றான். கார்ட்டில் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. இரண்டு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்சியல் காரில் இருப்பது போல இதில் இல்லை. வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் உருள வேண்டியிருக்க, இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் உட்சில்லு தரையில் இழுபட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஆகவே உட்பக்கப் பின்சில்லு தரையை விட்டு ஒரு நூலளவாவது தூக்க வேண்டும். அதைத் தூக்க வைப்பது ஸ்டியரிங்கைத் திருப்பும் விதம்: முன்சில்லுகள் பூட்டப்பட்ட சாய்வினால், உறுதியாகத் திருப்பும்போது உட்பக்க முன்சில்லு கீழே அழுத்தி, குறுக்கே எதிர்மூலையில் பாரத்தை ஏற்றி, உட்பக்கப் பின்சில்லை எழுப்பிவிடும். மகள் பயத்தில் மெல்ல மெல்லத் திருப்பினாள், சில்லு எழும்பவில்லை, வண்டி இழுபட்டது. “முதல் திருப்பலை உறுதியாகத் திருப்பு, பிறகு கையைத் தளர்த்து” என்பதுதான் அங்கிள் அன்றைக்குச் சொன்ன ஒரே வசனம். மகனின் காதுக்கு எட்டியது என் நிறுத்தற் கடிகாரத்துக்கு எட்டவில்லை.

மனைவியின் குறிப்பேட்டையும் சொல்ல வேண்டும். சாதாரண 80 பக்கக் கொப்பி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், வெயிலா மேகமா, ஓடுமுன் ரயரில் காற்று எவ்வளவு, ஓடிய உடனே எவ்வளவு, மகள் சொன்ன ஒரு வரி. காலை ஏழரைக்கு 14 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து நன்றாக ஓடிய அதே ரயர், மதியம் ஒரு மணிக்குத் தார் கொதிக்கும்போது 14 இல் தொடங்கினால் நாலாவது சுற்றிலேயே வழுக்குகிறது. சூடேறிக் காற்று விரிவதால் அழுத்தம் கூடி, ரயர் ஊதிப் பிடிமானம் குறைந்துவிடுகிறது. மதியத்தில் 12 இல் தொடங்கினால் சரியாக இருக்கிறது என்று அவர் மூன்று பயணங்களின் கணக்கை ஒப்பிட்டுச் சொன்னார். இந்த எண்கள் எங்கள் ரயருக்கு உரியவை, உங்களுடையது வேறாக இருக்கும். கொப்பியை மட்டும் முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள்.

பாதுகாப்பில் எந்தச் சிக்கனமும் வேண்டாம். கார்ட்டில் இருக்கைப் பட்டி இருக்காது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு இல்லாத வண்டியில் அவரைக் கட்டி வைப்பது ஆபத்து என்பதே காரணம். அதனால் அளவான தலைக்கவசம், கழுத்துப் பட்டை, விலாக் கவசம் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். பெண்பிள்ளைகள் ஓட்டுவதாக இருந்தால் பின்னலைக் கட்டி உடைக்குள் போட்டு, தலைக்கவசத்துக்குள் அணியும் துணி முகமூடியால் மூடிய பிறகே இருக்கையில் அமர விட வேண்டும். சுழலும் பின் அச்சு முதுகுக்குப் பின்னால் மிக அருகில் இருக்கிறது, அதில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. இதை எங்கள் வீட்டில் மனைவியே ஒவ்வொரு முறையும் தன் கையால் பார்க்கிறார்.

கொடிகளை வீட்டிலேயே பழக்கலாம். முற்றத்தில் மனைவி மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்புத் துணிகளை மாறிமாறிக் காட்ட, சைக்கிளில் சுற்றும் மகள் பொருளைச் சொல்ல வேண்டும்: மஞ்சளுக்கு ஆபத்து, முந்தாதே, நீலத்துக்கு வேகமானவர் பின்னால் வருகிறார், சிவப்புக்கு ஓட்டம் நிறுத்தப்பட்டது, கறுப்புக்கு உள்ளே வா. பந்தயத்துக்கு முந்திய விளக்கக் கூட்டம் நாங்கள் போன நாட்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழ்மொழி மூலம் படிக்கும் மகளுக்கு முதல் தடவை பாதிதான் விளங்கியது. கூட்டம் முடிந்ததும் அலுவலரிடம் போய்த் திரும்பக் கேட்டோம், பொறுமையாகச் சொன்னார். கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்துக் கூடாரத்துக் குருநாகல் குடும்பம் ஒன்று, எங்கள் சங்கிலி அறுந்த நாளில் தங்களிடம் இருந்த மேலதிகச் சங்கிலியைக் கழற்றித் தந்தது; அவர்களின் மகன் எங்கள் மகளின் நேரடிப் போட்டியாளன்.

எடை பற்றியும் ஒரு சொல். குறைந்தபட்ச எடை வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்தே பார்க்கப்படுகிறது. குறைவாக இருந்தால் இருக்கையில் ஈயக்கட்டி பூட்டிச் சரிசெய்யலாம். பிள்ளை வளர்ந்து எடை கூடினால் ஈயத்தைக் கழற்றுங்கள், அதன் பின்னும் கூடினால் அடுத்த பிரிவுக்கு மாற்றுங்கள். வளரும் பிள்ளையின் சோற்றில் கை வைக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அது தவறு.

ஃபோர்முலா வன் கனவைப் பற்றி உறவினர்கள் கேட்பார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005 இலும், சென்னையின் கருண் சந்தோக் 2010 இலும் அங்கே ஓட்டினார்கள். இந்தியாவிலிருந்து அந்த இருவர்தான், இலங்கையிலிருந்து ஒருவரும் இல்லை. நாங்கள் அந்தக் கணக்கில் பணம் போடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நால்வரும் ஒரே வேலையில் இரண்டு நாள் சேர்ந்திருக்கிறோம், பதினைந்து வயதைத் தாண்டிய மகன் இன்னும் எங்களோடு வர விரும்புகிறான். எங்களுக்கு அது போதும்.

உங்கள் முதல் பயணத்துக்குக் கார்ட் எதுவும் வாங்க வேண்டாம். தடத்தின் வாடகைக் கார்ட்டில் உங்கள் மகன் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓடட்டும், அடுத்ததாக நீங்களும் உங்கள் துணைவியாரும் தனித்தனியே ஓடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் விலா வலியோடு எட்டாவது சுற்றில் இறங்கினேன். மனைவி முழு நேரமும் ஓடிவிட்டு வந்து, கைகள் நடுங்க, கொப்பியின் முதற் பக்கத்தில் தன் பெயருக்கு நேரே சுற்று நேரங்களை எழுதினார். அதன் பிறகு அவர் மகளிடம் வளைவுகளைப் பற்றிப் பேசும்போது, அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பாள்.