மென்பொருள் கட்டமைப்பையும் குழுத் தலைமையையும் மாணவர்களுக்கு ஏன் சேர்த்தே கற்பிக்க வேண்டும்?

பெரிய மென்பொருள் ஒன்றில், பின்னாளில் மாற்றுவதற்கு மிகுந்த செலவு பிடிக்கும் முடிவுகளின் தொகுப்பையே மென்பொருள் கட்டமைப்பு என்கிறோம். வீட்டுச் சுவரின் வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாடிப்படியின் இடத்தை மாற்றவோ பாதி வீட்டை இடிக்க நேரும்.

இதனுடன் தலைமையையும் சேர்த்துக் கற்பிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பின் வடிவம், அந்நிறுவனத்துக்குள் யார் யாருடன் பேசிக்கொள்கிறார்கள் என்பதையே ஒத்திருக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். ஆகவே குழுக்களைப் பிரிப்பவர், அறிந்தோ அறியாமலோ, மென்பொருளையும் பிரித்துவிடுகிறார்.

ஆனால் ஒரே பருவத்தில் முடிந்துவிடும் செயல்திட்டத்தில், தம் முடிவின் விளைவை மாணவர் சந்திக்கும் முன்பே மதிப்பெண் வந்துவிடுகிறது. பருவத்தின் நடுவில் ஒரு குழுவின் நிரலை இன்னொரு குழுவிடம் ஒப்படைத்து, பயனரை அடையாளம் காணத் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தச் சொன்னால், அந்த எண்ணை எத்தனை கோப்புகள் நேரடியாகச் சார்ந்திருக்கின்றன என்பது அன்றே தெரிந்துவிடும். பல விரிவுரைகளைவிட இது ஆழமாகப் பதியும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டமைப்பு என்றாலே பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட வரைபடம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் எடுத்த முடிவை வரைபடம் காட்டுமே தவிர, ஏன் அப்படி எடுத்தோம் என்பதைச் சொல்லாது, அதைத் தனியே எழுதிவைக்க வேண்டும்.