பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் தலைகுனிகிறார்கள்?

கேள்வி: ஹவாயின் ஓவாஹு தீவில் ஓர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். பூர்வகுடி ஹவாய்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் தலைகுனிந்துகொள்கிறார்கள். கதை வாசித்தாலோ நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தேர்வில்கூடப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீட்டில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கித் தரும் நடத்தையைத்தான் அவர்கள் வகுப்பிலும் காட்டுகிறார்கள். பல ஹவாய்க் குடும்பங்களில், நடை பழகியபின் பிள்ளை பெரும்பாலும் அண்ணன், அக்கா பொறுப்பில்தான் வளரும். முழங்கால் சிராய்த்தால் அக்காவிடம்தான் ஓடும். பாத்திரம் கழுவுவதையும் தம்பியைக் குளிப்பாட்டுவதையும் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்வார்கள். பெரியவர் செய்வதைப் பார்த்துப் பழகுவதே பாடம். நடுவில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம். பெரியவர் ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி விசாரிக்கிறார் என்றால், பெரும்பாலும் திட்டு விழப்போகிறது. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளை பயப்படுவது அதனால்தான்.

1970களில் ஹோனலூலுவில் பூர்வகுடி ஹவாய்ப் பிள்ளைகளுக்காக நடந்த கமேஹமேஹா தொடக்கக் கல்வித் திட்டம் இதற்கு நல்ல வழி காட்டியது. நாலைந்து பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, கதையைப் பற்றிப் பேசவிட்டார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்பதை ஆசிரியை முடிவு செய்தார். யார் எப்போது பேசுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தார். ஊரில் ‘டாக் ஸ்டோரி’ என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதும் இப்படித்தான். அந்தப் பேச்சு கதையை விட்டு விலகவில்லை என்று ஆய்வாளர் கேத்ரின் ஆவ் பதிவு செய்திருக்கிறார். எல்லா ஊருக்கும் இதே முறை ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள். அரிசோனாவில் நவஹோ என்ற பழங்குடியின் பிள்ளைகளிடம் முயன்றபோது, ஆண், பெண் கலந்த குழுக்கள் சரிப்படவில்லை.

வகுப்பைச் சுத்தம் செய்ய ஆள் நியமிக்க வேண்டாம். காலையில் கதவைத் திறந்துவைத்து நீங்களே பெருக்கத் தொடங்குங்கள். தானாக வந்து சேர்ந்துகொள்வார்கள். தேர்வுக்கு முன், “இன்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று பார்க்கப்போகிறேன், முடிந்ததும் உதவலாம்” என்று சொல்லிவிடுங்கள். உதவுவதைக் காப்பியடிப்பதாக எண்ணித் தண்டித்துவிடாதீர்கள்.

வீட்டாரிடம் பேசும்போது கூடுதல் கவனம் தேவை. 1896இல் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தபின், ஹவாய் மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அரசுப் பள்ளிகளில் ஹவாய்வழி வகுப்புகள் 1987இல்தான் தொடங்கின. பள்ளி என்றதும் பல வீடுகளில் எச்சரிக்கையாக இருப்பது இயல்பே. எனவே குறைசொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள். பிள்ளையை அழைத்துப்போக வருவது பாட்டியோ அத்தையோ என்றால், முதலில் அவரிடமே பேசுங்கள்.